44,100 என்ற எண்ணும் சில பூட்டுகளும்: வீட்டில் டிஜிட்டல் இசை கேட்பதன் வரலாறு

"வீட்டில் பாட்டு கேட்க நல்ல டிஜிட்டல் செட்டப் எது?" என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் ஒரு பெட்டியின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கடந்த இருபது வருடங்களில் நான் சொல்லியிருக்கக்கூடிய பெட்டிகளில் பாதி இன்று கடையில் இல்லை. சிலவற்றின் சர்வர்களும் இல்லை. அதனால் பெட்டியை விட்டுவிட்டு, இந்தத் துறை எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று குறிப்புகள் எடுக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகளின் சுருக்கம்தான் இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் இசையில் "ஒலி நன்றாக இருக்குமா?" என்ற கேள்வி நாம் நினைப்பதைவிட வெகு சீக்கிரமே தீர்ந்துபோனது. தீராமல் திரும்பத் திரும்ப வந்தது வேறொரு கேள்வி: "இந்த இசை யார் கையில் இருக்கிறது?" நாற்பது ஆண்டுகளில் இந்தத் துறையில் செத்துப்போன வடிவங்களில் பல, ஒலி மோசமாக இருந்ததால் சாகவில்லை. சாவியை வேறொருவர் வைத்திருந்ததால்தான் அவற்றை வாங்கியவர்கள் ஏமாந்தார்கள்.

எண் எங்கிருந்து வந்தது

சிடியில் இருக்கும் இசை ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்ணாக எழுதப்பட்டது. ஏன் 44,100? 40,000 என்றோ 45,000 என்றோ முழு எண்ணாக வைத்திருக்கலாமே?

அடிப்படைக் கணக்கு பழையது. 1928-இல் ஹாரி நைக்விஸ்ட், 1940களின் இறுதியில் கிளாட் ஷானன் ஆகியோர் எழுதிய கட்டுரைகளிலிருந்து வருவது. ஓர் அலையை அதன் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக அளந்துவிட்டால், அந்த அளவுகளிலிருந்து அலையை முழுதாகத் திரும்பக் கட்டிவிடலாம். "கிட்டத்தட்ட" அல்ல, முழுதாகவே. மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வாக்கில். (நாற்பது தாண்டிய என் காது அதற்கும் கீழேதான்.) ஆக 40,000-க்கு மேல் வேண்டும். வடிகட்டி வேலை செய்யக் கொஞ்சம் இடைவெளியும் வேண்டும்.

ஒலியை எண்ணாக மாற்றும் யோசனையும் பழையதுதான். பாரிஸில் வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1937-இல் தொலைபேசிக்காக அதை யோசித்து, அடுத்த வருடம் பிரான்ஸில் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்தக் காலத்து வால்வுகளை வைத்து அதை மலிவாகச் செய்ய வழியில்லை. 1960களின் பிற்பகுதியில்தான் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்பு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஹெய்தாரோ நகாஜிமாவின் குழு இசைக்கான டிஜிட்டல் ரெக்கார்டரைச் செய்தது. 1972-இல் டெனான் நிறுவனம் ஸ்டுடியோவில் பயன்படுத்தக்கூடிய எட்டு சானல் இயந்திரத்தையே கொண்டுவந்துவிட்டது. 13 பிட், நொடிக்கு 47,250 அளவுகள்.

இந்த இயந்திரங்களுக்கெல்லாம் ஒரு பொதுப் பிரச்சினை இருந்தது: எழுதி வைக்க இடம். ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்குப் பதினான்கு லட்சம் பிட் தேவை. சாதாரண ஆடியோ டேப்பால் அந்த வேகத்தைத் தாங்க முடியாது. ஆனால் டிவி நிலையங்களில் இருந்த வீடியோ டேப் ரெக்கார்டரால் முடியும். எனவே பொறியாளர்கள் ஒலியைப் படமாக வேஷம் போட்டு அனுப்பினார்கள். பூஜ்யமும் ஒன்றும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக டிவி படத்தின் கோடுகளில் உட்கார்ந்துகொண்டன. அந்த டேப்பை டிவியில் போட்டால் பாட்டு கேட்காது. புள்ளிக் கோலம் மாதிரி ஏதோ ஓடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஜப்பான், அமெரிக்க டிவி முறையில் நொடிக்கு 60 புலங்கள் (ஒரு புலம் என்பது பாதிப் படம்). ஒவ்வொன்றிலும் பயன்படுத்தக்கூடியதாக எடுத்துக்கொண்டது 245 கோடு. ஒரு கோட்டில் 3 அளவுகள்.

60 × 245 × 3 = 44,100.

ஐரோப்பிய முறையில் நொடிக்கு 50 புலங்கள், 294 கோடு, கோட்டுக்கு 3 அளவுகள்.

50 × 294 × 3 = 44,100.

இரண்டு கண்டத்து டிவி முறைக்கும் ஒரே எண் பொருந்திவிட்டது. சோனி 1978-இல் கொண்டுவந்த பிசிஎம்-1600 என்ற ஸ்டுடியோ இயந்திரம் இப்படித்தான் வீடியோ டேப்பில் ஒலியை எழுதியது. சிடியின் எண்ணும் அதே வழியில் வந்ததுதான். இன்று உங்கள் போனில் இருக்கும் ஒரு பாட்டுக் கோப்பின் விவரத்தைத் திறந்தால் வரும் 44.1 கிலோஹெர்ட்ஸ், எழுபதுகளின் டிவி கோடுகள் விட்டுச் சென்ற தடம்.

பதினாலா, பதினாறா

1979 மார்ச் 8 அன்று நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் தன் சிறிய ஒளித்தட்டைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. பிறகு சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உட்கார்ந்தன. பிலிப்ஸ் 14 பிட் போதும் என்றது, சோனி 16 வேண்டும் என்றது. பிலிப்ஸ் 115 மில்லிமீட்டர் விட்டம் என்றது, கடைசியில் 120 ஆனது. 1980-இல் வந்த ஒப்பந்த ஆவணத்தின் அட்டை நிறத்தை வைத்து அதைச் சிவப்புப் புத்தகம் என்கிறார்கள். 16 பிட், 44,100, இரண்டு சானல். கூடவே கீறல்களைச் சமாளிக்கும் பிழைதிருத்தக் கணிதம்: தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்தாலும் அப்படியே மீட்டுவிடும்.

1982 அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பானில் சோனியின் சிடிபி-101 விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். அடுத்து வந்தது பிலிப்ஸின் சிடி100. இந்த இரண்டு பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இன்றுவரை நடக்கும் ஆடியோ சண்டைகளின் விதை இங்கேதான் இருக்கிறது.

எண்ணை மின்னலையாக மாற்றும் சில்லுக்கு டிஏசி என்று பெயர். சோனியிடம் உண்மையான 16 பிட் டிஏசி இருந்தது. ஆனால் விலை அதிகம், அதனால் ஒன்றே ஒன்றை வைத்து இடது, வலது இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். விளைவு, ஒரு காதுக்கு ஒலி ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு (சுமார் 11 மைக்ரோ விநாடி) தாமதம். தலையை நாலு மில்லிமீட்டர் நகர்த்தினாலே அந்த வித்தியாசம் வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

பிலிப்ஸிடம் இருந்தது 14 பிட் சில்லுதான், டிடிஏ1540. இதில் என்ன அழகுன்னா, அவர்கள் அளவுகளை நான்கு மடங்கு வேகத்தில், நொடிக்கு 1,76,400 ஆக மாற்றி, பிழையைக் காது கேட்காத உயரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். 14 பிட் சில்லிலிருந்து ஏறக்குறைய 16 பிட் தரம் கிடைத்தது. கடினமான அனலாக் வடிகட்டியும் தேவைப்படவில்லை. வன்பொருளில் இல்லாததைக் கணிதத்தால் ஈடுகட்டினார்கள். இன்று நம் போனிலும் ஆயிரம் ரூபாய் யுஎஸ்பி சில்லிலும் நடப்பது இதே தந்திரத்தின் பேரப்பிள்ளைகள்தான்.

ஒலிச் சண்டை எப்போது ஓய்ந்தது

எண்பதுகளின் பிற்பகுதியில் டிஏசியைத் தனிப் பெட்டியாக விற்க ஆரம்பித்தார்கள். ப்ளேயரிலிருந்து டிஏசிக்கு ஒரே கம்பியில் தகவலும் போகும், கடிகாரத் துடிப்பும் போகும். துடிப்பு லேசாகத் தள்ளாடினால் அதற்கு ஜிட்டர் என்று பெயர். இது உண்மையான பிரச்சினைதான், அளந்து காட்டக்கூடியது. அதற்கான தீர்வும் வந்தது: கடிகாரத்தை டிஏசியிலேயே வைத்துவிட்டு, "எனக்கு அடுத்த கட்டுத் தகவல் அனுப்பு" என்று டிஏசியே கணினியைக் கேட்கும் யுஎஸ்பி முறை. 2000களில் பரவிய இந்த முறைக்குப் பிறகு அந்தக் கவலைக்குப் பெரிதாக இடமில்லை.

அடுத்து, "16 பிட் 44.1 போதுமா?" என்ற கேள்வி. 1999-இல் எஸ்ஏசிடி வந்தது, 2000-இல் டிவிடி-ஆடியோ வந்தது. இரண்டும் சிடியைவிடப் பல மடங்கு தகவல் கொண்டவை. 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்க ஆடியோ பொறியியல் சங்கத்தின் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இந்த உயர்ரகத் தட்டுகளை நேரடியாக ஒருமுறை, நடுவில் சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறை என்று, எது எதுவெனச் சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276. அதாவது 49.8 சதவீதம். நாணயம் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான்.

எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும். 2016-இல் ஜோஷுவா ரைஸ் இதுபோன்ற பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆக, வித்தியாசம் பூஜ்யம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு என்ற வித்தியாசத்துக்காக ஒரு லட்சம் ரூபாய் செலவழிக்கலாமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

மேயர், மோரன் கட்டுரையில் பலரும் தவறவிடும் ஒரு குறிப்பு உண்டு. அந்த உயர்ரகத் தட்டுகளில் பல உண்மையிலேயே சாதாரண சிடிகளைவிட நன்றாக ஒலித்தன என்கிறார்கள். காரணம் பிட் எண்ணிக்கை இல்லை, அவற்றைத் தயாரித்தவர்கள் கவனமாகத் தயாரித்தது. இதற்குப் பிறகு வருகிறேன்.

பூட்டுகளின் வரிசை

ஒரு மணி நேர சிடியில் இருக்கும் தகவல் சுமார் 635 மெகாபைட். 1983-இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியின் ஹார்டு டிஸ்க் 10 மெகாபைட். ஒரு சிடியைப் பிரதி எடுக்க 64 கணினி வேண்டும்! சிவப்புப் புத்தகத்தில் "பிரதி எடுக்கலாம் / கூடாது" என்று சொல்லும் ஒரே ஒரு பிட்டைத் தவிர வேறு பூட்டு கிடையாது. அதற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை, அளவுதான் பூட்டு என்று நினைத்திருப்பார்கள் என்பது என் வாசிப்பு. எப்படியோ, பூட்டில்லாமல் பிறந்ததுதான் சிடிக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். நமக்கும்.

அதன் பிறகு வந்தவர்கள் அந்த "ஓட்டையை" அடைக்க எடுத்த முயற்சிகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு முறை தெரியும்.

ஒன்று: 1987-இல் டாட் என்ற டிஜிட்டல் டேப் வந்தபோது அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் பயந்தன. சிபிஎஸ் ஆய்வுக்கூடம் காப்பிகோட் என்று ஒன்றை முன்வைத்தது. இசையிலேயே 3,800 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு குறுகிய துண்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். ரெக்கார்டர் அந்தப் பள்ளத்தைக் கண்டால் பதிவை நிறுத்திவிடும். யோசித்துப் பாருங்கள், திருடனைப் பிடிக்க வீட்டுச் சுவரிலேயே ஓட்டை போடுவது! அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனம் சோதித்துப் பார்த்து, இது இசையையும் கெடுக்கிறது, எளிதாக ஏமாற்றவும் முடிகிறது என்று 1988-இல் அறிக்கை கொடுத்தது. திட்டம் அத்தோடு போச்சு.

இரண்டு: அதற்குப் பதிலாக வந்த பிரதிக் கட்டுப்பாடு. அசலிலிருந்து பிரதி எடுக்கலாம், பிரதியிலிருந்து பிரதி எடுக்கக்கூடாது. 1992-இல் அமெரிக்கா இதைச் சட்டமாக்கியது. உங்கள் வீட்டுக் கல்யாணத்தை நீங்களே பதிவு செய்திருந்தாலும் இயந்திரத்துக்கு அது தெரியாது. டாட் வீடுகளுக்குள் வரவே இல்லை, ஸ்டுடியோவோடு நின்றுவிட்டது.

மூன்று: எஸ்ஏசிடி. தட்டிலேயே பூட்டு. டிஜிட்டல் வடிவத்தில் வெளியே எடுக்கப் பல ஆண்டுகளுக்கு வழியே இல்லை. சிடியின் வாரிசாக வந்தது, ரசிகர்களின் சிறு வட்டத்தில் தங்கிவிட்டது.

நான்கு: 2005 அக்டோபர் 31. மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் வல்லுநர், தான் காசு கொடுத்து வாங்கிய ஒரு சோனி பிஎம்ஜி சிடி தன் கணினியில் ஒளிந்து இயங்கும் மென்பொருளை நிறுவியிருப்பதைக் கண்டுபிடித்து எழுதினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட தலைப்புகளில் அது இருந்தது. நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. இதில் முரண், சிவப்புப் புத்தகத்தின் இன்னொரு தந்தையான பிலிப்ஸ் சில வருடங்கள் முன்பே, பூட்டுப் போட்ட தட்டுகள் சிடி தரத்துக்கு உட்பட்டவை அல்ல என்று சொல்லிவிட்டது.

ஐந்து: 2008-இல் மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மியூசிக் கடையின் சாவி வழங்கும் சர்வர்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பாட்டு உங்கள் கணினியில்தான் இருக்கும், ஆனால் புதுக் கணினிக்கு மாற்றினால் திறக்காது. எதிர்ப்பு வந்ததும் காலத்தை நீட்டித்தார்கள், அவ்வளவுதான்.

ஆறு: 2014 இறுதியில் மெரிடியன் நிறுவனத்தின் பாப் ஸ்டூவர்ட் அறிமுகப்படுத்திய எம்க்யூஏ. உரிமம் பெற்ற டிகோடர் இருந்தால்தான் முழுதாக விரியும் வடிவம். "ஸ்டுடியோ தரம்" என்று விளக்கு எரியும் டிஏசிகளை மக்கள் வாங்கினார்கள். 2023 ஏப்ரலில் அந்த நிறுவனம் நிர்வாகிகளின் கைக்குப் போனது. அதைப் பயன்படுத்திய டைடல் சேவையும் 2024-இல் அதைக் கைவிட்டது.

இவை எல்லாவற்றுக்கும் விளம்பரத்தில் ஒரு பொதுவான வாசகம்: "மேம்பட்ட ஒலி" அல்லது "கலைஞரின் பாதுகாப்பு". கலைஞருக்குக் காசு போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நடந்தது என்னன்னா, காசு கொடுத்தவன்தான் கடைசியில் மாட்டிக்கொண்டான்.

பூட்டில்லாத வரிசை

இணையாக இன்னொரு வரிசை ஓடிக்கொண்டிருந்தது. அதில் பெரிய விளம்பரம் இல்லை.

சிடி ஆடியோவைக் கணினியில் சரியாகப் பிரித்தெடுப்பது முதலில் எளிதாக இல்லை. கணினித் தகவல் சிடியில் ஒரு பகுதிக்கு 2,352 பைட்டில் 2,048 மட்டுமே தகவல்; மீதியில் கூடுதல் பிழைதிருத்தம் இருக்கும். ஆடியோ சிடியில் 2,352-உம் இசை. கூடுதல் பாதுகாப்பு இல்லை. அதனால் 1998-இல் ஜெர்மனியின் ஆண்ட்ரே வீத்தாஃப் எழுதிய மென்பொருள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டது. பிறகு, உலகெங்கும் அதே சிடியை எடுத்தவர்களின் சரிபார்ப்பு எண்களோடு நம்முடையதை ஒப்பிடும் வசதியும் வந்தது. கோவையில் எடுத்ததும் பெர்லினில் எடுத்ததும் ஒரு பிட் மாறாமல் ஒன்று என்று தெரிந்துகொள்ளலாம்.

2001-இல் ஜோஷ் கோல்சன் ஃப்ளாக் என்ற வடிவத்தை வெளியிட்டார். இசையில் எதையும் தூக்கி எறியாமல் கோப்பை ஏறக்குறைய பாதி அளவுக்குச் சுருக்கும். காப்புரிமைக் கட்டணம் இல்லை, மூலநிரல் திறந்தது. கோப்பின் தலையிலேயே அசல் ஒலியின் சரிபார்ப்பு எண் இருப்பதால், இருபது வருடம் கழித்தும் "கெட்டுப்போகவில்லை" என்று சோதிக்கலாம். 2024 டிசம்பரில் இணையத் தர ஆவணமாகவே அது வெளியாகிவிட்டது. எம்க்யூஏவைக் கைவிட்ட டைடல் போய்ச் சேர்ந்ததும் இந்த இலவச வடிவத்திடம்தான்.

அதே 2001-இல் ஷான் ஆடம்ஸின் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறிய கலிஃபோர்னிய நிறுவனம் கணினியிலிருந்து வீட்டு நெட்வொர்க் வழியாகப் பாட்டை வாங்கி வாசிக்கும் ஒரு பெட்டியைச் செய்தது. பிறகு வந்தது ஸ்குவீஸ்பாக்ஸ். 2006-இல் லாஜிடெக் அதை வாங்கியது, 2012-இல் உற்பத்தியை நிறுத்தியது, 2024-இல் இணையச் சேவையையும் மூடியது. மேலே சொன்ன ஆறு கதைகளைப் போல ஏழாவதாக முடிந்திருக்க வேண்டியது. ஆனால் முடியவில்லை. சர்வர் மென்பொருள் முதலிலிருந்தே திறந்த மூலம் என்பதால், பயனர்களே அதைப் பராமரித்து லிரியன் என்ற பெயரில் இன்றும் ஓட்டுகிறார்கள். பழைய பெட்டிகள் பாடுகின்றன. பெட்டி இல்லாதவர்கள் 2012-இல் வந்த ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கணினியில் அதே வேலையைச் செய்துகொள்கிறார்கள்.

இந்த ஒரு வேறுபாடுதான் என் முழு வாதமும். நிறுவனங்கள் மூடத்தான் செய்யும், அது வணிகத்தின் இயல்பு. நிறுவனம் போன பிறகு நம் கையில் என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி.

எனக்கு இது வெறும் கொள்கை இல்லை. அப்பா 1989-இல் வீட்டில் ஹார்மோனியம் வைத்துக்கொண்டு பாடிய ஒரு காசெட் இருக்கிறது. பின்னணியில் குக்கர் விசில், தெருவில் ஐஸ் வண்டி மணி. அதை ஃப்ளாக் கோப்பாக மாற்றி வைத்திருக்கிறேன். உலகத்தில் எந்த ஸ்ட்ரீமிங் சேவையிலும் அது வராது. பத்து கோடிப் பாட்டு உள்ள சேவையைவிட இந்த ஒரு கோப்பை என் மகள் காலத்திலும் திறக்க முடிய வேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

அப்படியானால் ஒலி எங்கே கெடுகிறது?

பெட்டிகளுக்கு இடையே வித்தியாசம் இருக்கிறதா என்று நானே ஒரு சோதனை செய்தேன். பழைய லேப்டாப், ராஸ்பெர்ரி பை, ஒரு சிடி ப்ளேயர் மூன்றிலிருந்தும் வரும் டிஜிட்டல் வெளியீட்டைப் பதிவு செய்து, தொடக்கத்தைச் சீராக்கி, அசல் கோப்பிலிருந்து கழித்தேன். மூன்றிலும் மிச்சம் பூஜ்யம். (கணினியில் ஒலியளவை முழுதாக வைத்து, இயங்குதளம் எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றும் பழக்கத்தை அணைத்த பிறகு.) ஒரே எண்கள்தான் டிஏசிக்குப் போகின்றன. டிஏசியும் இன்று மலிவு. ஆப்பிள் பத்து டாலருக்கும் குறைவாக விற்கும் சின்ன ஹெட்போன் வாலில் இருப்பதே அளவீடுகளில் நன்றாகத் தேறுகிறது.

பிறகு, ஒரே எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு என்னிடம் மூன்று பதிப்பாக இருந்ததை எடுத்தேன்: காசெட்டிலிருந்து மாற்றியது, தொண்ணூறுகளின் ஆரம்பத்து சிடி, சமீபத்திய "ரீமாஸ்டர்" ஸ்ட்ரீமிங். அலை வடிவத்தைத் திரையில் பார்த்தாலே போதும். பழைய சிடியில் தபேலா ஒவ்வொரு அடியும் தனித்தனி முள்ளாக நிற்கிறது. புதியதில் எல்லாம் ஒரே உயரத்துக்கு நசுக்கப்பட்டு செங்கல் மாதிரி இருக்கிறது. காசெட்டில் இரைச்சல் உண்டு, ஆனால் தபேலாவும் உண்டு.

இதற்கு ஆங்கில உலகில் சத்தப் போர் என்றே பெயர். வானொலியில் பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டி. 2008-இல் மெட்டாலிகாவின் டெத் மேக்னடிக் வந்தபோது, அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் நசுக்கப்படாமல் இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்துக் கோபப்பட்டார்கள். 96 டெசிபல் இடம் கொடுக்கும் வடிவத்தை வைத்துக்கொண்டு கடைசிச் சில டெசிபலுக்குள் இசையை அடைத்தார்கள். மேயர், மோரன் கண்டதும் இதன் மறுபக்கம்தான். எந்த டிஏசி வாங்கினாலும் நசுக்கிய தபேலா திரும்பி வராது.

இரண்டாவது, அறை. எங்கள் வீட்டு ஹாலில் வழவழ டைல்ஸ் தரை, வெறும் சுவர். கை தட்டினால் எதிரொலி. தரைக்கு ஒரு கனத்த ஜமுக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னே. வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் "ஏதோ மாறியிருக்கு" என்று தாமாகச் சொன்ன ஒரே மாற்றம் இதுதான்.

என் வீட்டில் இருப்பது

ஒரு ராஸ்பெர்ரி பை, அதில் லிரியன். ஒரு சாதாரண யுஎஸ்பி டிஏசி. பழைய ஆம்ப்ளிஃபயர். இரண்டு ஸ்பீக்கர். பாட்டெல்லாம் ஃப்ளாக் கோப்பாக ஒரு டிஸ்கில். பிரதி ஒன்று அலமாரியில், இன்னொன்று தம்பி வீட்டில். ஸ்ட்ரீமிங் சந்தாவும் வைத்திருக்கிறேன், புதுப் பாட்டு தேட அது வசதி. ஆனால் பிடித்துப்போனதைச் சிடியாகவோ பூட்டில்லாத கோப்பாகவோ வாங்கிவிடுவேன்.

நீங்கள் இதையே வாங்க வேண்டும் என்று இல்லை. எதை வாங்கினாலும் ஐந்து கேள்வி கேளுங்கள்:

1. இணையத்தைப் பிடுங்கினால் பாடுமா?
2. நிறுவனம் நாளை மூடினால் பாடுமா?
3. ஒரு பெட்டி கெட்டால் மற்றவற்றைத் தொடாமல் அதை மட்டும் மாற்ற முடியுமா?
4. கோப்புகளை வேறு நிறுவனத்தின் மென்பொருள் திறக்குமா?
5. நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டில் மற்றவர்களால் பாட்டு போட முடியுமா?

ஐந்தாவது கேள்விக்கு வரலாற்று ஆதாரம் எதுவும் இல்லை, அனுபவம்தான். ஆனால் அதில் தோற்ற செட்டப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆறு மாதத்தில் அதன்மேல் துணி போட்டு மூடி, பூச்சாடி வைத்துவிடுவார்கள்.

1982-இல் வந்த தட்டு இன்றும் எந்த ப்ளேயரிலும் பாடுகிறது. அதற்குப் பிறகு அதைவிட மேலானது என்று வந்தவற்றில் பலவற்றுக்கு இன்று சாவி இல்லை. அடுத்து ஒரு புதுப் பெட்டியோ புது வடிவமோ விளம்பரத்தில் வரும்போது பிட் எண்ணிக்கையைப் பார்க்கும் முன் சாவி யாரிடம் என்று பாருங்கள். மிச்சக் காசுக்கு ஒரு ஜமுக்காளம் வாங்கிக்கொள்ளலாம்.